ஓராண்டில் எட்டு முறை ‘டான்சில்’: ஆறு வயதுச் சிறுமியின் நிகழ்வு ஆய்வு

ஓராண்டுக்குள் எட்டு முறை தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, எட்டு முறையும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, “பேசாமல் டான்சிலை எடுத்துவிடலாமா?” என்ற கேள்வியோடு மருத்துவரிடம் வரும் குழந்தைகள் ஏராளம். இங்கே ஆராயப்படும் ஆறு வயதுச் சிறுமி யாரோ ஒரு குறிப்பிட்ட குழந்தை அல்ல. அடிக்கடி காணக்கிடைக்கும் நோய்ப் போக்கை ஒரே குழந்தையின் கோப்பாக அமைத்திருக்கிறோம். எடை 18 கிலோ. பள்ளியில் சேர்ந்து ஓராண்டு. வீட்டில் ஒன்பது வயதில் ஓர் அண்ணன். தடுப்பூசிகள் அனைத்தும் போடப்பட்டிருக்கின்றன. இதற்கு முன் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த எட்டு நிகழ்வுகளுக்கும் ஒரே காரணம் இல்லை. குறைந்தது நான்கு வெவ்வேறு நோய்நிலைகள் ‘டான்சில்’ என்ற ஒரே பெயரில் கோப்பில் ஏறியிருந்தன. பெயர் ஒன்றானதால் மருந்தும் ஒன்றானது. உண்மையில் மருந்து தேவைப்பட்ட இரண்டு முறையும் அது அரைகுறையாகவே போய்ச் சேர்ந்தது.

எட்டு நிகழ்வுகள்

பெற்றோரின் நினைவை மட்டும் நம்பாமல் பழைய மருந்துச் சீட்டுகள், ஆய்வக அறிக்கைகள், கைபேசியில் எடுத்த தொண்டைப் படங்கள், காலி சிரப் பாட்டில்கள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி, தேதிவாரியாக அடுக்கியபோது கிடைத்த வரிசை இது.

முதல் மாதம்: 100.8 டிகிரி காய்ச்சல், மூக்கொழுகல், இருமல், தொண்டை சிவப்பு. அசித்ரோமைசின் மூன்று நாள்.

மூன்றாம் மாதம்: காலையில் நன்றாக இருந்த குழந்தைக்கு மாலையில் 103 டிகிரி. தலைவலி, இரண்டு முறை வாந்தி. இருமல் இல்லை. இரண்டு டான்சிலிலும் வெண்படலம், கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டித் தொட்டால் வலி. ஸ்ட்ரெப் (தொண்டையைத் தாக்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா) விரைவுப் பரிசோதனை பாசிட்டிவ். அமாக்சிசிலின் சிரப் தரப்பட்டது. இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது.

சிரப் நின்ற பதினாறாம் நாள் அதே படம், 102 டிகிரி. கல்ச்சரில், அதாவது ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்தது. மறுபடி அதே சிரப், அதே அளவு.

ஐந்தாம் மாதம்: சீட்டில் ‘அண்ணத்தின் பின்பகுதியில் சிறு கொப்புளங்கள்’ என்று ஒரு வரி இருக்கிறது. டான்சிலைப் பற்றி எதுவும் எழுதப்படவில்லை. ஆனாலும் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது.

ஏழாம் மாதம்தான் பெற்றோரை நிலைகுலைய வைத்தது. ஐந்து நாள் விடாத காய்ச்சல், 103 வரை ஏறியது. டான்சிலில் சீழ்ப்புள்ளிகள், இரண்டு கண்களும் சிவப்பு, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 60. மூன்றாம் நாள் ஒரு ஆன்டிபயாடிக் மாற்றப்பட்டது, நான்காம் நாள் இன்னொன்று. ஆறாம் நாள் காய்ச்சல் தானாகவே விட்டது. கடைசியாகக் கொடுத்த மருந்துதான் ‘கேட்டது’ என்று வீட்டார் நம்பினார்கள்.

எட்டாம் மாதம்: 100.2 டிகிரி, இருமல், குரல் கம்மல், நெறி கட்டவில்லை. ஸ்வாப் (பஞ்சுமுனையால் தொண்டையில் எடுக்கும் மாதிரி) எடுத்தார்கள், ஸ்ட்ரெப் பாசிட்டிவ்.

பத்தாம் மாதம்: மருத்துவரிடம் போகவில்லை. குளிர்பெட்டியில் மீந்திருந்த சிரப் நான்கு வேளை. காய்ச்சல் அளக்கப்படவில்லை, தொண்டையை யாரும் பார்க்கவில்லை.

பதினொன்றாம் மாதம்: சளி, இருமல், 100 டிகிரி. விரைவுப் பரிசோதனை மீண்டும் பாசிட்டிவ். இந்த முறைதான் அறுவைச் சிகிச்சைப் பேச்சு எழுந்தது.

வரிசையைப் படிக்கும் முறை

குழந்தைகளின் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காரணமாக இருப்பது ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம். மூன்று வயதுக்குக் கீழே அது மிகவும் குறைவு. எந்தப் பக்கம் என்று கணிக்கத் திருத்திய சென்டார் மதிப்பெண் உதவும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், இருமல் இல்லாமை, கழுத்தின் முன்பக்கம் வலிக்கும் நெறி, டான்சில் வீக்கம் அல்லது வெண்படலம், வயது 3 முதல் 14 வரை: ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்.

மூன்றாம் மாத நிகழ்வுக்கு இதில் ஐந்துக்கு ஐந்து. எட்டாம் மாதத்துக்கு வயதுக்கான ஒன்றே ஒன்று. இருமலும் குரல் கம்மலும் மூக்கொழுகலும் இருக்கும் குழந்தைக்கு ஸ்வாப் எடுக்காமல் இருப்பதே சரி. எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எட்டாம், பதினொன்றாம் மாதங்கள் சாட்சி. அதைப் பின்னர் பார்ப்போம்.

ஐந்தாம் மாதக் கொப்புளங்கள் காக்ஸாக்கி போன்ற என்டெரோவைரஸின் வேலை. ஏழாம் மாதம் அடினோவைரஸின் படம். வெண்படலத்தைக் கண்டாலே பாக்டீரியா என்று முடிவுகட்டும் பழக்கத்தை முறியடிக்க இந்த வைரஸ் ஒன்றே போதும்: டான்சிலில் அசல் சீழ் போலவே படலம் கட்டும், ஐந்து முதல் ஏழு நாள் உயர் காய்ச்சல் தரும், சி.ஆர்.பி.யையும் ஏற்றும். கூடவே கண் சிவந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். எந்த ஆன்டிபயாடிக்கும் அதன் போக்கை ஒரு நாள்கூடக் குறைக்காது.

ஆக எட்டில் உறுதியான ஸ்ட்ரெப் டான்சில் அழற்சி இரண்டு. அறிகுறிகளை வைத்து வைரஸ் என்று சொல்லத்தக்கவை மூன்று. வைரஸ் சளியின்போது ஸ்ட்ரெப் பாசிட்டிவ் ஆனவை இரண்டு. பத்தாம் மாதத்தை எதிலும் சேர்க்க இயலாது.

பாட்டிலை எண்ணிப் பார்த்தால்

இரண்டாவது ஸ்ட்ரெப் நிகழ்வு ஏன் பதினாறே நாளில் வந்தது? விடை பாட்டிலில் இருந்தது. சீட்டில் எழுதியிருந்தது அமாக்சிசிலின் 125 மி.கி./5 மி.லி., மூன்று வேளை 5 மி.லி. ஒரு நாளைக்கு 375 மி.கி. 18 கிலோ குழந்தைக்கு இது கிலோவுக்கு 21 மி.கி.கூட இல்லை. ஸ்ட்ரெப் தொண்டை அழற்சிக்குத் தேவை நாளொன்றுக்குக் கிலோவுக்கு 50 மி.கி.; இந்தக் குழந்தைக்கு 900 மி.கி. அதை ஒரே வேளையாகவோ 450 மி.கி. வீதம் இரண்டு வேளையாகவோ தரலாம்.

அடுத்தது நாள் கணக்கு. வாங்கியது 30 மி.லி. பாட்டில் இரண்டு. நாளுக்கு 15 மி.லி. வீதம் அது நான்கே நாளில் தீர்ந்துவிடும். தீர்ந்தபோது குழந்தைக்குக் காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. மருந்து முடிந்தது என்று வீட்டார் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. பத்து நாள் என்று சீட்டில் எழுதியிருந்தாலும், எத்தனை பாட்டில் என்று யாரும் எழுதவில்லை. பெற்றோர் அலட்சியமாக இருந்துவிட்டார்கள் என்று இதைச் சொல்வது அநியாயம். 250 மி.கி./5 மி.லி. சிரப்பாக எழுதியிருந்தால் வேளைக்கு 9 மி.லி., நாளுக்கு 18 மி.லி., பத்து நாளுக்கு 180 மி.லி.: 30 மி.லி. பாட்டில் என்றால் ஆறு. இந்தக் கணக்கைச் சீட்டிலேயே எழுத வேண்டும்.

உலர் தூளைக் கலக்கும்போது நேரும் தவறுகளும் உண்டு. கொதித்து ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியபின் குறிவரை நிரப்ப வேண்டும். நுரையைப் பார்த்துக் குறி எட்டிவிட்டது என்று நிறுத்தினால் மருந்து அடர்த்தியாகி, வேளை அளவும் மாறிவிடும். கலந்தபின் பெரும்பாலான தயாரிப்புகள் ஏழு நாளும் சில பதினான்கு நாளும் மட்டுமே தாங்கும். அதனால் எல்லாப் பாட்டில்களையும் முதல் நாளே கலந்து வைக்கக் கூடாது. பத்தாம் மாதம் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த சிரப்பில் மருந்து வீரியம் எவ்வளவு மீந்திருந்ததோ.

சில நாடுகளின் வழிகாட்டுதல்கள் பெனிசிலினை ஐந்து நாள் தந்தாலும் அறிகுறிகள் நீங்கிவிடும் என்கின்றன. அது சரிதான். ஆனால் கிருமி முழுமையாக நீங்க வேண்டும் என்றால் பத்து நாளுக்கே வாய்ப்பு அதிகம். திரும்பத் திரும்ப வரும் குழந்தைக்கும், ருமாட்டிக் காய்ச்சல் (ஸ்ட்ரெப் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய்) பரவலாக உள்ள சமூகத்தில் வாழும் குழந்தைக்கும் பத்து நாளைக் குறைக்க நாங்கள் ஒப்பமாட்டோம். மருந்து இறங்காத, வாந்தி எடுக்கும் குழந்தை என்றால் பென்சத்தீன் பெனிசிலின் ஒரே ஊசி போதும்: 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், அதற்கு மேல் 12 லட்சம்.

ஸ்ட்ரெப் திரும்பி வரும் மற்ற வழிகள்

மருந்து குறைந்தது ஒரு காரணம். அண்ணன் இன்னொரு காரணமாக இருக்கலாம். தங்கைக்கு வந்த அதே வாரங்களில் அவனுக்கும் தொண்டை வலித்திருக்கிறது. பெரிய பையன், தாங்கிக்கொண்டான், யாரும் பார்க்கவில்லை. ஒரே வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறி மாறிப் போகும் தொற்றை, ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்து நிறுத்த முடியாது. வீட்டில் எல்லோருக்கும் வழக்கமாகப் பரிசோதனை செய்யத் தேவையில்லை. அறிகுறி உள்ளவருக்குச் செய்தால் போதும். குறுகிய இடைவெளியில் நோய் சுற்றிச் சுற்றி வந்தால் மட்டும் ஒரே நேரத்தில் அனைவரையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஸ்ட்ரெப்டோகாக்கஸில் 200-க்கும் மேற்பட்ட எம் வகைகள் (மேற்பரப்பில் உள்ள எம் புரதத்தை வைத்துப் பிரித்தவை) இருப்பது. ஒரு வகைக்கு எதிராக உடல் பெறும் பாதுகாப்பு இன்னொரு வகைக்குப் பெரும்பாலும் உதவாது. பள்ளி தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் அடுத்தடுத்துத் தொற்று வருவதற்கு இது இயல்பான விளக்கம். டான்சில் பெரிதாகவும் சுறுசுறுப்பாகவும் இருக்கும் வயதும் அதுவே.

டான்சிலின் உள்ளமைப்பும் கிருமிக்குச் சாதகம். அதன் மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் குழிகளில் பாக்டீரியா பசைப்படலமாகப் படிந்து கிடக்கும். ஸ்ட்ரெப் திசு உயிரணுக்களுக்குள்ளேயும் புகுந்துகொள்ளும். பெனிசிலின் அங்கே சரியாக எட்டுவதில்லை. கூடவே வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ், மொராக்செல்லா போன்றவை பெனிசிலினைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியைச் சுரக்கும். ஸ்ட்ரெப் பெனிசிலினை எதிர்க்கப் பழகிவிட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. மருத்துவமனைகளில் காணப்படும் ஏ பிரிவு ஸ்ட்ரெப் இன்றும் பெனிசிலினுக்கு அடங்குகிறது. அசித்ரோமைசினுக்கு அந்த உத்தரவாதம் இல்லை; பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அதைத் தந்தாலும் கிலோவுக்கு 12 மி.கி. வீதம் ஐந்து நாள் தர வேண்டும்.

சில குடும்பங்களில் மட்டும் அக்கா, தம்பி என்று எல்லோருக்கும் டான்சில் தொல்லை இருப்பது வெறும் தற்செயல் அல்ல. 2019-இல் லா ஹோயா நோயெதிர்ப்பு நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி ஸ்ட்ரெப் டான்சில் அழற்சி வரும் குழந்தைகளின் டான்சிலில் எதிர்ப்பான் உருவாகும் மையங்கள் சிறியவையாக இருந்தன; ஸ்ட்ரெப்பின் ஒரு நச்சுக்கு எதிரான எதிர்ப்பான்களும் குறைவாக இருந்தன. நோயெதிர்ப்பில் பங்குள்ள எச்.எல்.ஏ. மரபணு வகைகளோடும் தொடர்பு தென்பட்டது. சிகிச்சையை மாற்றும் அளவுக்கு இது இன்னும் வளரவில்லை. ஆனால் குளிர்ந்த தண்ணீர் கொடுத்ததால்தான் வந்தது என்று தாயைக் குறை சொல்வதை நிறுத்த இது போதும்.

பாசிட்டிவ் என்றால் நோய் என்று பொருளா

எட்டாம், பதினொன்றாம் மாதப் பரிசோதனைகள் பொய் சொல்லவில்லை. தொண்டையில் ஸ்ட்ரெப் இருந்தது. ஆனால் நோயை உண்டாக்கியது அது அல்ல. பள்ளி வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவர், சில பருவங்களில் ஐந்தில் ஒருவர்வரைகூட, எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஸ்ட்ரெப்பைத் தொண்டையில் சுமந்து திரிகிறார்கள். இந்தக் கிருமிதாங்கி நிலை மாதக்கணக்கில் நீடிக்கும். இவர்களுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும் ஆபத்து மிகக் குறைவு. பிறருக்குப் பரப்புவதும் குறைவு. இப்படிப்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு சளியின்போதும் ஸ்வாப் எடுத்தால் ஒவ்வொரு முறையும் பாசிட்டிவ் வரும், ஒவ்வொரு முறையும் ‘டான்சில் எண்ணிக்கை’ ஏறும்.

இதை உறுதிப்படுத்தக் குழந்தை முழு நலத்தோடு இருந்த ஒரு நாளில், ஆன்டிபயாடிக் நின்று நான்கு வாரம் கழித்து, ஸ்வாப் எடுக்கப்பட்டது. ஸ்ட்ரெப் வளர்ந்தது. அண்ணனுக்கும் வளர்ந்தது. நலமாக இருக்கும் குழந்தைக்கு ஸ்வாப் எடுப்பது வழக்கமான செயல் அல்ல. அறுவைச் சிகிச்சை முடிவு இதில் தொங்கிக்கொண்டிருந்ததால் மட்டுமே எடுத்தோம்.

ஸ்வாப் எடுக்கும் கையும் முக்கியம். நாக்கை அழுத்திப் பிடித்து, இரண்டு டான்சிலின் மேற்பரப்பையும் தொண்டையின் பின்சுவரையும் பஞ்சுமுனையால் உரசி எடுக்க வேண்டும். நாக்கிலோ கன்னத்திலோ பட்டால் கிருமி நீர்த்துப்போகும். ஆன்டிபயாடிக் தொடங்கிய பிறகு எடுத்தால் பயனில்லை. விரைவுப் பரிசோதனை நெகட்டிவ் ஆனாலும் சந்தேகம் வலுவாக இருந்தால் கல்ச்சர் போட வேண்டும். கிருமியை வளர்க்கும் இரத்த அகார் தட்டில் 24 மணி நேரத்தில் பார்த்து, வளரவில்லை என்றால் 48 மணி நேரத்திலும் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ரெப்புக்கு எதிரான எதிர்ப்பானை அளக்கும் ஏ.எஸ்.ஓ. இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்தக் கோப்பிலும் ‘ஏ.எஸ்.ஓ. 400’ என்ற அறிக்கையும் மாதாமாதம் பெனிசிலின் ஊசி போடும் யோசனையும் இருந்தன. ஏ.எஸ்.ஓ. தொற்று வந்து ஒரு வாரத்துக்குப் பின் ஏறத் தொடங்கி, மூன்று முதல் ஐந்து வாரத்தில் உச்சம் தொட்டு, மாதக்கணக்கில் உயர்ந்தே இருக்கும். எப்போதோ ஸ்ட்ரெப் வந்து போயிருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. பள்ளி வயதில் 200-ஐத் தாண்டுவது சாதாரணம். மூட்டு வீக்கம், இதயக் குறை, கட்டுப்பாடின்றிக் கை கால் அசைதல் போன்ற ருமாட்டிக் காய்ச்சலின் அடையாளங்கள் எதுவும் இல்லாத குழந்தைக்கு அந்த எண்ணை மட்டும் பார்த்து ஆண்டுக்கணக்கில் ஊசி போடுவதற்கு நியாயமே இல்லை.

தேடிப் பார்த்து விலக்கியவை

காய்ச்சல் நாள்காட்டி பார்த்தாற்போல் வந்தால் பி.எஃப்.ஏ.பி.ஏ. என்ற, தொற்றின்றிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும் நோய்க்குறித் தொகுதியை நினைக்க வேண்டும். 1987-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும். மூன்று முதல் ஆறு நாள் உயர் காய்ச்சல், தொண்டை அழற்சி, கழுத்து நெறி, வாய்ப்புண். மூன்று முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தேதி தவறாமல் வரும். இடையே குழந்தை முழு நலமாக இருக்கும், வளர்ச்சியும் குறையாது. ஸ்வாப் நெகட்டிவ், ஆன்டிபயாடிக் கேட்காது. ஆனால் ஒரே வேளை பிரெட்னிசலோனில், கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி., சில மணி நேரத்தில் காய்ச்சல் அடங்கும். ‘திரும்பத் திரும்ப டான்சில்’ என்று பல ஆண்டு தவறாகப் பெயர் சுமக்கும் குழந்தைகளில் இவர்களும் உண்டு. நம் சிறுமியின் நிகழ்வுகளுக்கிடையே இடைவெளி சீராக இல்லை, பலமுறை சளியும் இருமலும் கூட வந்தன. அதனால் இது பொருந்தவில்லை. சீரான இடைவெளி இருந்திருந்தால், குறிப்பாக 21 நாள் சுழற்சி என்றால், ஆறு வாரம் வாரம் இரண்டு மூன்று முறை நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை பார்த்து, அவை சுழற்சியாகக் குறையும் சுழல் நியூட்ரோபீனியாவையும் விலக்க வேண்டியிருந்திருக்கும்.

எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு ஒரே நீண்ட நிகழ்வாக, கழுத்தின் பின்பக்க நெறி, இமை வீக்கம், மண்ணீரல் பெருக்கம் ஆகியவை இருக்கும். அமாக்சிசிலின் தந்தால் உடலெங்கும் தடிப்பு எழும்பலாம். அதை ஒவ்வாமை என்று எழுதிவைத்துக் குழந்தைக்கு வாழ்நாள் முழுதும் பெனிசிலினை மறுத்துவிடக் கூடாது. இங்கே அப்படி எதுவும் இல்லை. எதிர்ப்புச் சக்திக் குறைபாடு டான்சிலில் மட்டும் வெளிப்படுவது அரிது. காதுச் சீழ், நிமோனியா, எடை தேங்குதல் என்று வேறு தடயங்கள் இருக்கும். அவையும் இல்லை. டான்சில் இருபுறமும் சம அளவு. உறக்கத்தில் மூச்சு நிற்பதோ தினமும் குறட்டையோ இல்லை.

அறுவைச் சிகிச்சைக் கணக்கு

டான்சிலை எடுக்கலாமா என்று முடிவுசெய்யப் பல வழிகாட்டுதல்கள் பின்பற்றும் பாரடைஸ் அளவுகோல் இது: ஓராண்டில் ஏழு, அல்லது இரண்டு ஆண்டில் ஆண்டுக்கு ஐந்து, அல்லது மூன்று ஆண்டில் ஆண்டுக்கு மூன்று நிகழ்வுகள். பலர் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு நிகழ்விலும் தொண்டை வலியோடு 38.3 டிகிரி செல்சியஸுக்கு (101 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சல், கழுத்து நெறி, டான்சில் படலம், ஸ்ட்ரெப் பாசிட்டிவ் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும், அது அன்றே பதிவாகியிருக்கவும் வேண்டும். ஸ்ட்ரெப் பாசிட்டிவ் மட்டும் போதும் என்று வாசித்தால் கிருமிதாங்கி நிலையும் கணக்கில் ஏறிவிடும். அதனால் அந்த இரண்டு சளிகளை நாங்கள் சேர்க்கவில்லை. எழுத்தில் தேறியவை மூன்று: இரண்டு ஸ்ட்ரெப், ஒரு அடினோவைரஸ். ஐந்தாம் மாதத்தில் காய்ச்சலின் அளவு எழுதப்படவே இல்லை.

1984-இல் வெளியான பாரடைஸ் குழுவின் ஆய்வில், கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை முதல் இரண்டு ஆண்டு தெளிவான பலன் தந்தது. அறுவைச் சிகிச்சை செய்யாத குழந்தைகளிலும் பலருக்குத் தொற்று தானாகவே குறைந்தது. மறுபக்கம் இரத்தக் கசிவு ஆபத்து இருக்கிறது, முதல் 24 மணி நேரத்திலும், பின்னர் பொருக்கு உதிரும் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையிலும். எண்ணிக்கை எட்டாத குழந்தைக்குப் பன்னிரண்டு மாதம் கவனித்துக் காத்திருப்பதே முறை.

செய்ததும் நடந்ததும்

கிருமிதாங்கிக்குப் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை. ஆனால் வீட்டுக்குள் மாறி மாறிப் பரவுவதும், அந்த பாசிட்டிவ் முடிவுகளை வைத்தே டான்சிலை எடுக்க நினைப்பதும் விதிவிலக்குகள். சிறுமிக்குக் கிளின்டாமைசின் 150 மி.கி. மூன்று வேளை, அதாவது நாளுக்குக் கிலோவுக்கு 25 மி.கி.; 30 கிலோ எடையுள்ள அண்ணனுக்கு 300 மி.கி. மூன்று வேளை; இருவருக்கும் ஒரே நாளில் தொடங்கிப் பத்து நாள். மருந்து கடுங்கசப்பு. கேப்ஸ்யூலைத் திறந்து இனிப்பான கூழில் கலக்கலாமா என்று மருந்தாளுநரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். துப்பிய வேளைகளையும் எழுதிவைக்க வேண்டும். நீர்த்த வயிற்றுப்போக்கு தொடங்கினால் மருந்தை நிறுத்திவிட்டுத் தெரிவிக்கச் சொன்னோம். முடிந்து இரண்டு வாரம் கழித்து எடுத்த ஸ்வாபில் இருவருக்கும் எதுவும் வளரவில்லை.

வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுக்கப்பட்டது. தேதி, அளந்த காய்ச்சல், இருமல் உண்டா, மூக்கொழுகல் உண்டா, தொண்டைப் படம், பள்ளி போகாத நாள்கள், கொடுத்த மருந்து. வலிக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., வேளைக்கு 270 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆஸ்பிரின் கூடவே கூடாது. இருமலோடு வரும் தொண்டை வலிக்கு ஸ்வாப் வேண்டாம் என்று கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டது.

அடுத்த பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முறை நோய்வாய்ப்பட்டாள். நான்கு சளி-இருமல், ஆன்டிபயாடிக் இல்லாமலே நான்கும் ஒரு வாரத்துக்குள் தணிந்தன. ஏழாம் மாதத்தில் ஒருமுறை 102 டிகிரி, படலம், நெறி, இருமல் இல்லை, கல்ச்சர் பாசிட்டிவ். அப்போது எடை 20 கிலோ. அமாக்சிசிலின் 250 மி.கி./5 மி.லி., வேளைக்கு 10 மி.லி., இரண்டு வேளை, பத்து நாள்; மொத்தம் 200 மி.லி., ஏழு பாட்டில் என்று சீட்டில் எழுதப்பட்டது. மருந்து தொடங்கி 24 மணி நேரம் கழிந்து, காய்ச்சலும் விட்டபின் பள்ளிக்குப் போனாள்.

இந்த முடிவை மாற்றக்கூடியவை என்று கோப்பில் குறித்திருப்பவை: வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகுதல், உள்நாக்கு ஒரு பக்கம் ஒதுங்குதல், எச்சில் வடிதல், மூச்சில் இரைச்சல் ஆகியவை டான்சிலைச் சுற்றிய சீழ்க்கட்டியின் அடையாளங்கள், அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். ஒரு பக்க டான்சில் மட்டும் வளர்ந்துகொண்டே போனால் காத்திருக்காமல் காட்ட வேண்டும். உறக்கத்தில் மூச்சு நிற்பது தெரிந்தால், தொற்று எண்ணிக்கை எவ்வளவு என்று பாராமல் அறுவைச் சிகிச்சையைத் தனியே பரிசீலிக்க வேண்டும்.